ஃபாக்ஸ்ஃபோர்டு சாபம்: அயர்லாந்துப் பழமரபுக்கதை ஒன்றின் நகைப்பும் அறச்சிக்கலும்

முன்னுரை

நாட்டார் வழக்காற்றியலில் உரைநடைக் கதைகளைத் தொன்மம், பழமரபுக்கதை, நாட்டார்கதை என மூன்றாகப் பகுத்து விளக்கியவர் வில்லியம் பாஸ்கம் (1965). இவற்றுள் பழமரபுக்கதை என்பது அறிந்த ஊரில், அண்மைக் காலத்தில், பெயர் தெரிந்த மனிதர்க்கு நிகழ்ந்ததாகக் கூறப்படுவது. அதைக் கேட்போர் முழுதும் நம்புவதுமில்லை; முழுதும் தள்ளுவதுமில்லை. இந்த இடைநிலையில் நகைப்பு எவ்வாறு தோன்றுகிறது, அந்நகைப்பு எங்கே தடைப்படுகிறது என்பதை அயர்லாந்துச் சாபக்கதை ஒன்றின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

கதையும் மரபும்

அயர்லாந்தின் மேற்கிலுள்ள மாயோ மாவட்டத்தில் மோய் ஆற்றங்கரையில் அமைந்த சிற்றூர் ஃபாக்ஸ்ஃபோர்டு. 1892இல் கன்னியர் மடத்தார் தொடங்கிய கம்பளி ஆலையால் பெயர்பெற்ற இவ்வூர், இன்று ஒரு சாபத்தாலும் அறியப்படுகிறது. 1951 செப்டம்பரில் டப்ளின் குரோக் பார்க் திடலில் நடந்த அனைத்து அயர்லாந்துக் கேலிக் கால்பந்து இறுதிப்போட்டியில் மீத் அணியை மாயோ வென்றது. கோப்பையுடன் ஊர்திரும்பிய வீரர்கள் ஃபாக்ஸ்ஃபோர்டில் ஓர் இறுதிச்சடங்கு நடப்பதைக் கண்டும் நிற்காமல் ஆரவாரத்துடன் கடந்து சென்றனராம். சினமுற்ற பங்குத்தந்தை, அவ்வணியினருள் ஒருவரேனும் உயிருடன் இருக்கும்வரை மாயோ மீண்டும் அக்கோப்பையை வெல்லாது எனச் சபித்தாராம்.

இக்கதையின் உறுப்புகள் புதியவை அல்ல. வழியில் இறுதி ஊர்வலம் எதிர்ப்பட்டால் திரும்பி அதனுடன் சில அடிகள் நடப்பது அயர்லாந்து வழக்கம். அதை 'இரக்கத்தின் மூன்று அடிகள்' என்பர். அவ்வழக்கத்தை மீறியதே இங்குக் குற்றம். சபிக்கும் ஆற்றல் உடையோராகக் கைம்பெண்டிர், இரவலர், குருமார் ஆகியோரை அம்மரபு கருதியதை அயர்லாந்துச் சாபங்களின் வரலாற்றை எழுதிய தாமஸ் வாட்டர்ஸ் (2020) எடுத்துக்காட்டுகிறார். தகாதார்மீது இட்ட சாபம் இட்டவரையே சென்று சேரும் என்பதும் அங்கு நிலவிய நம்பிக்கை. ஆகவே சாபம் பலிக்க வீரர்பால் ஒரு பிழை வேண்டும். கதை அதை மறவாமல் வைத்திருக்கிறது. ஆனால் பிழையோ வெற்றிக்களிப்பில் நேர்ந்த ஒரு சிறு கவனக்குறைவு. தண்டனையோ ஒரு மாவட்டம் முழுவதற்கும் எழுபதாண்டு. நகைப்பின் முதல் ஊற்று இந்தப் பொருந்தாமையே.

தோல்விகளின் நகைச்சுவை

1951க்குப் பின் 1989வரை மாயோ இறுதிப்போட்டிக்கே வரவில்லை. வெறுமனே தோற்கும் அணிக்குச் சாபம் தேவையில்லை. வெற்றியைத் தொட்டுத் தொட்டு இழக்கும் அணிக்கே அது தேவை. 1989 முதல் 2021 வரை மாயோ பதினொரு முறை இறுதிக்கு வந்து பதினொரு முறையும் தோற்றது. 1996இல் ஆறு புள்ளிகள் முன்னிலை பெற்றிருந்தும், மீத் வீரர் தொலைவிலிருந்து உதைத்த பந்து தரையில் பட்டு எழும்பிக் குறுக்குச் சட்டத்தின்மேல் சென்றதால் ஆட்டம் சமனாயிற்று. மறு ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோல்வி. 2016இல் டப்ளின் பெற்ற இரு கோல்களும் மாயோ வீரர்கள் தம் வலைக்குள் தாமே செலுத்தியவை. அப்போதும் சமன், அப்போதும் மறு ஆட்டத்தில் ஒரு புள்ளியில் தோல்வி. 2017இல் டப்ளின் வீரர் வெற்றிக்கான உதையை எடுக்கையில், மாயோ வீரர் ஒருவர் தம் சட்டைக்குள் இருந்த ஜிபிஎஸ் கருவியைக் கழற்றி எறிந்து பார்த்தார். பந்து தவறவில்லை. மீண்டும் ஒரு புள்ளி.

இந்நிகழ்வுகள் எவையும் சாபத்தை மெய்ப்பிப்பன அல்ல. ஆயினும் ஒவ்வொன்றும் கதைக்குள் தானே வந்து அமர்ந்துகொள்கிறது. பொருந்தாதவற்றைக் கதை வெளியே நிறுத்துவதும் கருதத்தக்கது. மாயோ மகளிர் அணி 1999, 2000, 2002, 2003 ஆகிய ஆண்டுகளில் வாகை சூடியது; 21 வயதுக்குட்பட்டோர் அணி 2006, 2016 ஆகிய ஆண்டுகளில் வென்றது. பங்குத்தந்தையின் அதிகாரம் இவர்களைக் கட்டவில்லை போலும். சாபத்தின் எல்லை மூத்த ஆடவர் அணியோடு நின்றுவிட்டது.

நிபந்தனையின் அறச்சிக்கல்

பொதுவாகச் சாபக்கதைகளில் விமோசனம் பரிகாரத்தாலோ மன்னிப்பாலோ வருகிறது. ஃபாக்ஸ்ஃபோர்டுக் கதையில் அவ்விரண்டும் இல்லை. முதியோரின் இறப்பு ஒன்றே விடுதலை. இவ்வொரு நிபந்தனையால் கதையின் சுமை முழுவதும் உயிருடன் இருந்தவர்கள்மீது இறங்கியது. 2019இல் பாட்ரிக் கார்னி மறைந்தபின் எஞ்சியவர் பேடி பிரெண்டர்காஸ்ட் ஒருவரே. இளமையில் ஊருக்குக் கோப்பை கொண்டுவந்த அதே மனிதர், முதுமையில் ஊருக்கும் கோப்பைக்கும் இடையே நிற்பவராகக் கதையால் ஆக்கப்பட்டார். சாபம் நீங்க வேண்டும் என வேடிக்கையாகக் கூறிய எவரும் அவர் இறக்க வேண்டும் எனக் கருதியிருக்கமாட்டார். கதையின் தருக்கம் மட்டும் அதையே கேட்டுக்கொண்டிருந்தது. கதையை ஏற்காத அவர்க்கு அதிலிருந்து விலகவும் வழியில்லை. மறுப்பதற்கும் அவர் உயிருடன் இருக்க வேண்டியிருந்தது. இக்கதையை வெறும் விளையாட்டுப் பகடியாக வகைப்படுத்துவோர் இவ்விடத்தைக் கவனிக்கத் தவறுகின்றனர்.

2021 செப்டம்பரில் மாயோ டைரோனிடம் தோற்றது. கிடைத்த பெனால்டி உதையும் வீணாயிற்று. அம்மாத இறுதியில் பிரெண்டர்காஸ்ட் தம் 95ஆம் அகவையில் காலமானார். கதையின்படி சாபம் அன்றே நீங்கியிருத்தல் வேண்டும். 2022 முதல் 2025 வரை நடந்த நான்கு இறுதிப்போட்டிகளில் ஒன்றையும் மாயோ எட்டவில்லை. இவற்றுக்குப் பங்குத்தந்தையைக் காரணம் காட்டக் கதையின் நிபந்தனையே இடந்தரவில்லை.