ஆஸ்பத்திரியில் துணி வெளுத்தவர் நர்சு ஆனார்!

அமெரிக்காவில் உள்ள பாஸ்டன் நகரில், பெண் டாக்டர்களே நடத்திய ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. அங்கே சமையல் செய்தார், தரை கழுவினார், துணி வெளுத்தார் ஒரு கறுப்பினப் பெண். அவர் பெயர் மேரி மகோனி. இப்படியே சுமார் 15 ஆண்டுகள் ஓடின.

ஆனால் மேரியின் ஆசை வேறு. நர்சு ஆகவேண்டும்!

ஒரே ஓர் இடம்

மேரி 1845-ல் பிறந்தவர். பெற்றோர் அடிமைத்தளையில் இருந்து விடுபட்டவர்கள். அந்தக் காலத்தில் கறுப்பினப் பெண்ணை நர்சு பள்ளியில் யார் சேர்ப்பார்கள்?

அந்த ஆஸ்பத்திரியிலும் ஒரு நர்சு பள்ளி இருந்தது. ஆண்டுக்கு ஒரு கறுப்பினப் பெண், ஒரு யூதப் பெண்ணைத்தான் சேர்க்கலாம் என்பது அதன் விதி. ஒரே ஓர் இடம்! மற்ற பள்ளிகளில் அதுகூடக் கிடைப்பது அரிது. 1878-ல் அந்த இடம் மேரிக்குக் கிடைத்தது. அப்போது அவர் முப்பது வயதைத் தாண்டியிருந்தார்.

நான்கே பேர்

இடம் கிடைத்தால் போதுமா? படிப்பு 16 மாதம். தினமும் 16 மணி நேர வேலை. வார்டில் நோயாளிகளைக் கவனிக்கவேண்டும். டாக்டர்கள் நடத்தும் பாடத்தையும் கேட்கவேண்டும். பிறகு வீடுகளுக்குச் சென்றும் நோயாளிகளைப் பார்க்கவேண்டும். தூக்கம் எங்கே?

அந்த ஆண்டு வந்த பெண்கள் சுமார் 40 பேர். 1879-ல் தேறியவர்கள் நான்கே பேர். அவர்களில் மேரியும் ஒருவர்! அமெரிக்காவில் முறையாகப் பயிற்சி பெற்ற முதல் கறுப்பின நர்சு அவர்தான்.

தமக்குக் கிடைத்ததே போதும் என்று மேரி இருந்துவிடவில்லை. 1909-ல் கறுப்பின நர்சுகளின் முதல் மாநாட்டில் பேசினார். தாம் படித்த பள்ளியிலேயே கறுப்பினப் பெண்களுக்கு இன்னும் அதிக இடம் வேண்டும் என்று கேட்டார்.