குப்பை குறைந்தால் நிலம் மிஞ்சும்



பால்மரத் தோட்டத்தில் நாம் எதையாவது வீணென்று எறிந்ததுண்டா? மங்கில் உறைந்த கட்டிப்பாலையும், வெட்டுக்கோட்டில் காய்ந்த ஒட்டுப்பாலையும் தனித்தனியே சேர்த்து எடை போட்டவர்கள் நாம். செம்பனைத் தோட்டத்திலோ, வெட்டிய மட்டைகள் மரவரிசைகளுக்கிடையே மக்கி உரமாகின்றன. ஆலையில் பழம் உதிர்ந்த வெறுங்குலைகள் தோட்டத்துக்கே திரும்புகின்றன. கொட்டை ஓடும் நாரும் கொதிகலனுக்கு எரிபொருளாகின்றன. இந்த ஒழுங்கைத்தான் ‘கழிவில்லா முறை’ என்று உலகம் இன்று பேசுகிறது. ஆனால் வீட்டுக் குப்பை என்று வந்தால், எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டிவிடுகிறோம்.

அந்தப் பை எங்கே போகிறது? மலாக்கா ஏறக்குறைய 1,700 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய மாநிலம். முன்பு குருபோங்கில் குப்பை கொட்டப்பட்டது. அந்த இடம் 2015இல் மூடப்பட்டு, சுங்கை ஊடாங்கில் புதிய குப்பை நிலம் திறக்கப்பட்டது. இதுவும் ஒருநாள் நிரம்பும். பிறகு எந்த ஊரின் நிலத்தைக் கேட்பது?

ஆகவே திட்டமிடுவோர் ‘எவ்வளவு பெரிய குழி வேண்டும்?’ என்று தொடங்கலாகாது. ‘குப்பையில் என்ன இருக்கிறது?’ என்று தொடங்க வேண்டும். நம் நாட்டு வீட்டுக் குப்பையில் ஏறத்தாழப் பாதி உணவுக் கழிவு. காற்றுப்படாமல் புதைந்தால் அது அழுகி மீத்தேன் வாயுவையும் நஞ்சு கலந்த நீரையும் உண்டாக்கும். காற்றோட்டத்தோடு மக்கினால் அதுவே உரம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு வீட்டில் நாளுக்கு 3 கிலோ குப்பை என்று வைத்துக்கொண்டால், 40 வீடுகளுக்கு 120 கிலோ. அதில் பாதியை மக்கவைத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 22 டன் குப்பை லாரி ஏறாது!

2007ஆம் ஆண்டின் திடக்கழிவுச் சட்டம் மலாக்காவில் 2011 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2015 செப்டம்பர் முதல் வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பது கட்டாயமாயிற்று. தாமான்களில் வாரம் இருமுறை சாதாரணக் குப்பைக்கும், ஒருமுறை மறுபயனீட்டுப் பொருள்களுக்கும் லாரி வருவது இதன் ஏற்பாடே. லாரி எட்டாத லயங்களில்தான் சிக்கல். அங்கே குப்பை எரிகிறது. அல்லது குழியில் கிடக்கிறது. திறந்தவெளியில் எரிப்பது சட்டப்படி குற்றம். பிளாஸ்டிக் புகை பிள்ளைகளின் மார்புக்கும் கேடு. எறிந்த டின்னிலும் சிரட்டையிலும் தேங்கும் மழைநீரில் ஏடிஸ் கொசு ஒன்றரை வாரத்துக்குள் வளர்ந்துவிடும். மாநிலத் திட்டம் இந்த லயங்களையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று நாம் கேட்பது நியாயமே.

கேட்பதோடு நில்லாமல் செய்யவும் வேண்டும். ஜப்பானின் காமிகாட்சு என்னும் சிற்றூர் 2003இல் ‘கழிவில்லா ஊர்’ என அறிவித்துக்கொண்டு, குப்பையை 40க்கும் மேற்பட்ட வகைகளாகப் பிரித்து வருகிறது. நமக்கு மூன்று வகை போதும். காய்கறித் தோலையும் சோற்றையும் காய்ந்த இலையோடு அடுக்கி, மண் மூடி, வாரம் ஒருமுறை கிளறிவிட்டால் சில மாதங்களில் உரம் கிடைக்கும். தாள், டின், போத்தல் ஆகியவற்றைக் கழுவிச் சேர்த்தால் பழைய சாமான் வியாபாரி காசு கொடுப்பார். எஞ்சியது மட்டுமே குப்பை.

ஒட்டுப்பாலைப் பிரிக்கத் தெரிந்த கைகளுக்கு இது பெரிய வேலையன்று.