பரணியும் அஹிம்சையும்

எறும்பை மிதித்துவிட்டாலும் நாம் பதறுகிறோம். யுத்தமே ஒழிய வேண்டும் என்கிறோம். ஆயினும் சதுரங்கத்தில் எதிரியின் யானையை வெட்டினால் குதூகலம் பொங்குகிறது. கலிங்கத்துப் பரணியை எடுத்தாலோ, கீழே வைக்க மனம் வருவதில்லை. கருணாகரத் தொண்டைமான் படை நடத்துகையில் நம் தோள்களும் பூரிக்கின்றன. பேய்கள் மாண்டவர் பற்களை அரிசியாக்கி, கேடயத்தை முறமாக்கிப் புடைத்துக் கூழ் காய்ச்சும் இடத்தில் வாய்விட்டுச் சிரித்தே விடுகிறோம். இது பொய் வேஷம் அல்லவா?

குலோத்துங்கன் சேனை கலிங்கம் சென்றது கி.பி. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். அதே கலிங்கத்தைக் கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் அசோகன் வென்றான். லட்சம் பேர் கொல்லப்பட்டனர், ஒன்றரை லட்சம் பேர் சிறைகொண்டு போகப்பட்டனர் என்று தன் 13-ஆம் பாறைச் சாஸனத்தில் கணக்குச் சொல்லி வருந்தினான். ஆனால் கலிங்கத்திலேயே உள்ள தவுளிப் பாறையில் அந்தச் சாஸனம் இல்லை! தோற்றவர் முன்னிலையில் அந்தக் கணக்கைப் படிக்க அவன் மனம் கூசிற்றோ, என்னவோ!

பலகையில் வெட்டுண்ட யானைக்காக அழுவார் இல்லை; கலிங்கத்து வீரனுக்காக அழுதவர்கள் இருந்தார்கள். வென்றவர் திண்ணையில் அமர்ந்து படிப்பதாலேயே நமக்குச் சிரிப்பு வருகிறது.

ஆகவே பரணியை மூடிவைப்பதா? வேண்டாம். ஜயங்கொண்டாரின் தமிழை ரசிப்போம். ஆனால் கலிங்கத்தில் பிறந்த நண்பர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் எந்த அடியில் நம் குரல் தாழும் என்பதையும் எண்ணிக்கொண்டே ரசிப்போம். அந்தத் தாழ்ந்த குரல்தான் நம் அஹிம்சை.