‘நல்ல காலம்’ யார் கையில்?



அண்ணல் அம்பேத்கரின் நினைவு நாளில் தொலைக்காட்சித் தொடரைப் பற்றி ஏன் பேச வேண்டும் என்று சிலருக்குத் தோன்றலாம். கோவில்பட்டியைச் சுற்றியுள்ள நம் குடியிருப்புகளுக்குள் மாலை ஏழு மணிக்கு நடந்து பார்த்தால் அந்தக் கேள்வி எழாது. பகலெல்லாம் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்துவிட்டு வந்த பெண்கள், அடுப்பில் உலையை வைத்துவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். எங்களில் பலர் சிறுவயதில் பஞ்சாயத்து டிவியை ஊர் மந்தையில் எட்ட நின்று பார்த்தவர்கள். 2006இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் அந்தப் பெட்டியை நம் வீட்டுக்குள் கொண்டுவந்தது. பெட்டி வந்துவிட்டது. ஆனால் பெட்டிக்குள் நம் வீடு வரவில்லை.

அதில் தெரிவது மாடிப்படி வைத்த கூடம். அங்கே கஷ்டம் என்றால் சொத்துத் தகராறு, மாமியார் சூழ்ச்சி. மழை பொய்த்து உளுந்து கருகுவதும், குழுக் கடன் தவணை நாளும், பிள்ளையின் கல்லூரிக் கட்டணமும் அங்கே கதையாவதில்லை. நம்மைப் போன்றவர்கள் அந்த வீட்டுக்குள் வருவது வேலைக்காரராக, இல்லையென்றால் சிரிப்புக்காக.

ஏழை உழைப்பாளிக் குடும்பத்தையே நாயகக் குடும்பமாக வைத்த தொடர் இருந்ததா? இருந்தது. அதற்கு என்ன நேர்ந்தது என்பது நமக்குப் பாடம்.

அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் 1974 முதல் 1979 வரை ‘குட் டைம்ஸ்’ என்ற நகைச்சுவைத் தொடர் ஓடியது. பெயரைத் தமிழில் சொன்னால் ‘நல்ல காலம்’. விடியலில் குடுகுடுப்பைக்காரர் சொல்லிவிட்டுப் போவாரே, அதே நல்ல காலம்தான். வருகிறது என்பார்கள், வந்து சேராது. சிகாகோ நகரில் அரசு கட்டிக் கொடுத்த அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் வாழும் எவன்ஸ் என்ற கருப்பினக் குடும்பத்தின் கதை அது. தந்தை ஜேம்ஸ் கிடைத்த கூலி வேலையெல்லாம் செய்பவர். தாய் ஃப்ளோரிடா. மூன்று பிள்ளைகள். தொழிற்பயிற்சிக்கு வயது கடந்துவிட்டது என்று தந்தையைத் திருப்பி அனுப்புவதும், வாடகை கட்டாததால் வீட்டைக் காலி செய்யச் சொல்வதும் தொடக்கப் பகுதிகளிலேயே வந்துவிடுகின்றன. இந்தக் கதைக்கு ஒரு நாடும் மொழியும்தான் வேறு.

தொடரை உருவாக்கிய எரிக் மான்டி, மைக் எவன்ஸ் இருவரும் கருப்பினத்தவர். மான்டி, சிகாகோவின் கப்ரினி கிரீன் குடியிருப்பில் வளர்ந்தவர். அதாவது கதை அவருடைய வீட்டுக் கதை. தயாரித்தவர் நார்மன் லியர் என்ற வெள்ளையர். அன்றைய தொலைக்காட்சியில் துணிச்சலானவர் என்று பெயர் எடுத்தவர். தாயாக நடிக்க எஸ்தர் ரோலை அழைத்தபோது, திட்டத்தில் அந்த வீட்டுக்குத் தந்தையே கிடையாது. கருப்பினக் குடும்பம் என்றால் தகப்பன் இல்லாத குடும்பம் என்ற பொதுப்புத்திக்கு நான் நடிக்க மாட்டேன் என்று அவர் நின்றார். அதன் பிறகுதான் ஜேம்ஸ் பாத்திரம் வந்தது. ஜான் அமோஸ் அதில் நடித்தார். ஒரு நடிகையின் பிடிவாதம் ஒரு வீட்டுக்குத் தகப்பனைப் பெற்றுத் தந்தது.

அடுத்து நடந்ததை நாம் கவனமாகப் பார்க்க வேண்டும். மூத்த மகன் ஜே.ஜே. பாத்திரத்தில் ஜிம்மி வாக்கர் நடித்தார். ஒல்லி உடம்பு, வெடுக்குப் பேச்சு, கோணல் சேட்டை. அவர் ஒரு சொல்லை இழுத்துச் சொன்னால் படப்பிடிப்பு அரங்கில் நேரில் உட்கார்ந்திருந்த பார்வையாளர்கள் கைதட்டி ஆர்ப்பரித்தார்கள். எங்கே சிரிப்பு எழுகிறதோ அங்கே எழுத்தாளரின் பேனா போகும். பேனா போகும் இடத்துக்குக் கேமரா போகும். விளம்பரதாரரின் பணமும் அங்கேதான் போகும். கூலிக்கும் வாடகைக்குமான போராட்டம் பின்னுக்குப் போக, மகனின் சேட்டை முன்னுக்கு வந்தது. அரசியல் பேசும் கடைசிப் பையன் மைக்கேலுக்கும் படிப்பில் கெட்டிக்காரியான மகள் தெல்மாவுக்கும் இடம் சுருங்கியது.

ரோலும் அமோஸும் வாய் மூடி இருக்கவில்லை. வேலையும் படிப்பும் இல்லாத கோமாளியாக நம் பிள்ளையைக் காட்டுகிறீர்கள் என்று ரோல் பத்திரிகையிலேயே சொன்னார். எழுத்தாளர்களோடு ஓயாமல் வாதாடிய அமோஸ் 1976இல் நீக்கப்பட்டார். கதையில் ஜேம்ஸுக்கு மிசிசிப்பியில் நல்ல வேலை கிடைக்கிறது. குடும்பம் மூட்டை கட்டிக்கொண்டிருக்கிறது. அப்போது அவர் விபத்தில் இறந்த செய்தி தந்தியில் வருகிறது. கேள்வி கேட்ட நடிகரை வேலையிலிருந்து அனுப்பியவர்கள், கேள்வி கேட்ட தகப்பனைக் கதையிலும் கொன்றார்கள். அடுத்த ஆண்டு ரோலும் வெளியேறினார். ஒரு சீசன் முழுவதும் தாயும் தந்தையும் இல்லாத வீடாக அது ஓடியது. பார்வையாளர்கள் குறைந்தார்கள். மகனின் பாத்திரத்தைத் திருத்துவதாக வாக்குக் கொடுத்த பிறகே ரோல் கடைசி சீசனுக்குத் திரும்பினார். கதைக்குச் சொந்தக்காரரான மான்டி, தன் கருத்துகள் திருடப்பட்டதாக வழக்குப் போட்டார். சமரசத் தொகை கிடைத்தது. தொலைக்காட்சியில் வேலை கிடைப்பது நின்றுபோனது.

இன்னொரு செய்தியும் உண்டு. கருஞ்சிறுத்தைகள் சிலர் தன் அலுவலகத்துக்கே வந்து, கருப்பரை எப்போதும் ஏழையாகவே காட்டுவதா என்று சண்டை போட்டதாக லியர் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். 1972இல் மும்பையில் தோன்றிய தலித் சிறுத்தைகள் தங்கள் பெயரை எடுத்தது அந்த இயக்கத்திடமிருந்துதான் என்பது உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு 1975இல் வசதியான கருப்பினக் குடும்பத்தைக் காட்டும் ‘தி ஜெஃபர்சன்ஸ்’ வந்தது. “எங்களை ஏன் எப்போதும் குடிசையிலேயே காட்டுகிறீர்கள்?” என்று நம் கூட்டங்களிலும் கேட்கிறோம். நியாயமான கேள்வி. ஆனால் மாடி வீட்டைக் காட்டிவிட்டால் தீர்ந்துவிடும் சிக்கல் இல்லை இது. குடிசை என்பதால் இழிவு வருவதில்லை. அந்தக் குடிசையில் இருப்பவருக்குச் சொந்தப் புத்தி இல்லை என்று காட்டும்போதுதான் வருகிறது.

நம் நாட்டுக்கு வருவோம். 1984இல் தூர்தர்ஷன் ‘ஹம் லோக்’ தொடரை ஒளிபரப்பியது. மனோகர் ஷியாம் ஜோஷி எழுதியது. இந்தியாவின் முதல் தொடர் நாடகம் என்று சொல்லப்படுவது. குடிகாரத் தகப்பன், வேலை தேடும் மகன், திருமணம் தள்ளிப்போகும் மகள் என்று சாதாரணக் குடும்பம்தான். ஆனால் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் தோன்றி அறிவுரை சொல்வார். அமெரிக்காவில் சந்தை ஏழையைக் கோமாளியாக்கியது. இங்கே அரசு ஏழையை மாணவனாக்கியது. இரண்டு இடத்திலும் கடைசிச் சொல் அந்தக் குடும்பத்துக்கு இல்லை.

கரிசல் மண்ணில் அந்தக் கடைசிச் சொல்லை எழுதிக் காட்டியவர்கள் இருக்கிறார்கள். பூமணியின் ‘பிறகு’ நாவல் 1979இல் வந்தது. செருப்புத் தைக்கும் அழகிரி அதில் யாருக்கும் வேடிக்கைப் பொருள் இல்லை; நாவலே அவர் கண்ணால் ஊரைப் பார்க்கிறது. பிறகு அவரே ‘கருவேலம்பூக்கள்’ படத்தை இயக்கினார். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் தயாரித்தது. தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் பிள்ளைகளின் படம் அது. பிள்ளைகளை ஏற்றிப்போக இருட்டோடு வரும் பஸ்ஸை நேரில் கண்ட தலைமுறை இந்த அரங்கிலும் உட்கார்ந்திருக்கிறது. நம் ஊர்க் கதை நம் ஊர்க்காரர் கையால் படமானது. ஆனால் நம் வீடுகளில் தினமும் ஓடும் தொடர் எதுவும் அந்தப் பாதையில் போகவில்லை.

சிரிப்பு நமக்கு வேண்டாதது என்று நாங்கள் சொல்லவில்லை. களையெடுக்கும் வரிசையில் எழும் கிண்டலைக் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். முதலாளி நடையை நடந்து காட்டிச் சிரிக்கும் பெண்ணின் சிரிப்பு, அதிகாரத்தைப் பார்த்துச் சிரிப்பது. நிறத்தையும் பசியையும் பல்லையும் காட்டிச் சிரிக்க வைப்பது நம்மைப் பார்த்துச் சிரிப்பது. ‘குட் டைம்ஸ்’ தொடங்கும்போது முதல் வகையாக இருந்தது. மூன்றே ஆண்டுகளில் இரண்டாம் வகையாகிவிட்டது.

எனவே ஒரு தொடரையோ படத்தையோ பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கேட்கப் பழகுவோம். யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம்? எதிர்த்துப் பேசும் ஆள் கதையில் கடைசிவரை இருக்கிறாரா? பிடிக்காத வசனத்தை வெட்டும் உரிமை யாரிடம் இருக்கிறது? மூன்றாவதுதான் முக்கியம். நம் பிள்ளைகள் இன்று உதவி இயக்குநராகவும் வசனகர்த்தாவாகவும் உள்ளே போகத் தொடங்கியிருக்கிறார்கள். உள்ளே போனால் மட்டும் போதாது என்பதற்கு எரிக் மான்டியே சாட்சி. தனியாளாகப் போராடிய அமோஸை ஒரே நாளில் அனுப்ப முடிந்தது. உள்ளே போகிறவருக்குப் பின்னால் ஒரு சங்கம், ஒரு பத்திரிகை, ஒரு வாசகர் கூட்டம் வெளியே நிற்க வேண்டும்.

1920 ஜனவரி 31 அன்று அம்பேத்கர் ‘மூக்நாயக்’ இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்று பெயர். மற்றவர் பத்திரிகையில் நமக்கு இடம் கேட்டுக் காத்திருக்காமல் நம் பத்திரிகையை நடத்தினார். இன்று அரங்கிலுள்ள ஒவ்வொருவர் சட்டைப் பையிலும் ஒரு கேமரா இருக்கிறது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, உங்கள் வீட்டில் ஒரு நாள் நடந்த ஒரு சிரிப்பையாவது எழுதியோ எடுத்தோ கொண்டுவாருங்கள். அதை இதே மேடையில் சேர்ந்து பார்ப்போம்.