களஞ்சியங்கள் பல, கணிப்பொறி ஒன்று

எந்த வாய்க்காலைத் திறப்பது, எதை அடைப்பது என்று மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்வோருக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. உவர்நீர் முதிர்ந்த பாத்தியில் மழைநீர் புகுந்தால் பட்ட பாடெல்லாம் கரைந்துவிடும் என்பதைக் கிளியனூர்ப் பக்கத்துச் சிறுவனும் அறிவான். கணிப்பொறிக்கும் இத்தகைய வாய்க்கால்கள் உண்டு.

லினக்ஸில் மென்பொருள்கள் 'களஞ்சியம்' எனப்படும் பொது இருப்பிலிருந்து இணையம் வழியே வருகின்றன. 2011இல் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியபோது அவற்றில் இடம்பெற்ற 'பாஸ்' லினக்ஸ், டெபியன் என்னும் தொகுப்பைத் தழுவிச் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. டெபியனில் ஆப்ட் என்ற நிரல்தான் களஞ்சியக் கணக்கப்பிள்ளை.

காப்புரிமைச் சிக்கலால் சில ஒலி, ஒளி மென்பொருள்கள் அதிகாரக் களஞ்சியத்தில் இடம்பெறாத காலம் ஒன்று இருந்தது. அக்குறையை நிரப்பத் தோன்றிய வெளிக்களஞ்சியமே 'டெபியன்-மல்டிமீடியா'. நாளடைவில் டெபியனிலேயே உள்ள பொதிகளையும் அது வேறு விதமாகக் கட்டித் தந்தது. இங்கேதான் பூசல் பிறக்கிறது. ஒரே பெயரில் இரு பொதிகள் இருப்பின் ஆப்ட் பதிப்பு எண் பெரியதையே எடுக்கும். எண்ணுக்கு முன் '1:' என்று சேர்த்துவிட்டால் 0.9கூட 2.5ஐ வென்றுவிடும்! 2012இல் டெபியன் தலைவர், இணைந்து பணிசெய்யுங்கள் அல்லது எங்கள் பெயரை விடுங்கள் என்று எழுத, அக்களஞ்சியம் பெயரை மாற்றிக்கொண்டது. கைவிடப்பட்ட பழைய முகவரியை யாரோ எடுத்துக்கொண்டனர். அவ்வரியை உடனே நீக்குமாறு 2013இல் டெபியன் எச்சரித்தது. பொதி நிறுவப்படும்போது அது முழு அதிகாரத்துடன் இயங்குவதால் இவ்வச்சம் வீணன்று.

பூசலைத் தவிர்க்கும் வழி 'பின்னிங்' எனப்படும் முன்னுரிமை எண். பெரும்பாலான களஞ்சியங்களுக்கு இயல்பான எண் 500. வெளிக்களஞ்சியத்துக்கு 100 கொடுத்தால், வேறெங்கும் கிடைக்காத பொதிக்கு மட்டுமே ஆப்ட் அங்கே செல்லும். குறிப்பிட்ட ஒரு பொதி அங்கிருந்தே வேண்டுமெனில் அதற்கு மட்டும் 600 தரலாம். எதிர்ம எண் தந்தால் அப்பொதி உள்ளே வராது. சூசே, ஃபெடோரா வகைகளிலோ இயல்பான எண் 99. அங்கே சிறிய எண்ணுக்கே உரிமை மிகுதி! இதில் தடுமாறாதவர் குறைவு.

அடியேனும் அனுபவப்பட்டவனே. 'இவை நீக்கப்படும்' என்ற நீண்ட பட்டியலைப் படியாமல் 'ஆம்' என்று தட்டினேன். மறுநாள் திரையில் கறுப்பு எழுத்துமுகமே எஞ்சியது. வெளிக்களஞ்சிய வரியை அழித்தும் பயனில்லை. ஏற்கெனவே வந்த பொதிகள் அப்படியே இருந்தன. அதிகாரக் களஞ்சியத்துக்கு 1001 என்று எண் தந்தபின்னரே ஆப்ட் பதிப்பைக் கீழிறக்க இசைந்தது. ஆயிரத்தை எட்டினால்தான் அது பின்னோக்கி நடக்கும். எல்லாம் சீரானபின் அந்த 1001ஐயும் அழித்துவிட்டேன்.