பேருருவ நாய் வளர்ப்பு

மந்தைவெளி என்னும் பெயரைக் கேட்டவுடனே, கால்நடைகள் மேய்ந்து திரிந்த பரந்த வெளியொன்று நமது மனக்கண்முன் தோன்றும். இன்று அங்கே மந்தையுமில்லை, வெளியுமில்லை. தெருவுக்குத் தெரு அடுக்குமாடி வீடுகள் நெருங்கி நிற்கின்றன. இத்தகைய இடத்தில், சித்திரை மாதத்து மாலையொன்றில், செயின்ட் பெர்னார்ட் ஜாதி நாயொன்றை நாம் கண்டோம். கன்றுக்குட்டி போன்ற அப்பிராணி, நாவைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துக்கொண்டு, நடக்கமாட்டாமல் ஒரு வீட்டு வாயிலில் படுத்துவிட்டது. உடன் வந்த சிறுவன் வாரைப் பிடித்து இழுத்தும் பயனில்லை. வழிச் சென்றவர்களோ, "எவ்வளவு பெரிய நாய்!" என்று வியந்து நின்றார்கள். அவ்வியப்பே இத்தீமைக்கு வேர் என்பது நமது அபிப்பிராயம்.

இந்த ஜாதியின் பூர்வோத்தரம் கவனிக்கத்தக்கது. ஆல்ப்ஸ் மலையில் 2,469 மீட்டர் உயரத்திலுள்ள கணவாயொன்றில், பனியில் வழி தவறிய பிரயாணிகளைத் தேடிக் காப்பதற்காகக் கிறிஸ்தவத் துறவிகள் இந்நாய்களை வளர்த்தார்கள். அவற்றுள் பெரும்புகழ் பெற்ற பாரி என்னும் நாய் 1800 முதல் 1814 வரை வாழ்ந்தது. அதன் எடை 40 முதல் 45 கிலோ என்று கணித்திருக்கிறார்கள். இக்காலத்துச் செயின்ட் பெர்னார்டோ 65 முதல் 85 கிலோ வரை இருக்கிறது. பெரும்பாலும் எட்டுப் பத்து ஆண்டுகளில் மாண்டுபோகிறது. உயிர்களைக் காத்த நாய் அளவான உடல் படைத்திருந்தது; காட்சிக்காகப் பெருக்கிய நாய் தன் உடலையே சுமக்கமாட்டாமல் தவிக்கிறது.

யானை எலியைவிட நெடுங்காலம் வாழ்கிறதே என்று சிலர் கேட்கலாம். நாய்களுள் இந்நியதி தலைகீழாக இருக்கிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் சர்வகலாசாலையைச் சேர்ந்தவர்கள் 74 நாய் ஜாதிகளை ஆராய்ந்து 2013-இல் வெளியிட்ட முடிவின்படி, உடல் எடையில் ஏறும் ஒவ்வொரு 2 கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரு மாத ஆயுள் குறைகிறது. உலகத்திலேயே உயரமான நாய் என்று பட்டம் பெற்ற கிரேட் டேன்களின் கதியைப் பாருங்கள். அமெரிக்காவில் மிச்சிகனிலிருந்த ஜீயஸ் 2014-இல் ஐந்து வயதில் இறந்தது. டெக்ஸாஸிலிருந்த மற்றொரு ஜீயஸ் எலும்புப் புற்றுநோய்க்கு ஆளாகி 2023-இல் மூன்று வயதில் இறந்தது. கெவின் என்னும் நாயும் 2024-இல், பட்டம் அறிவிக்கப்பட்ட சில நாட்களிலேயே, மூன்று வயதில் மாண்டது. புகழ் எஜமானருக்கு, மரணம் நாய்க்கு.

இடுப்பு மூட்டுக் கோளாறு, இருதயத் தளர்ச்சி, எலும்புப் புற்றுநோய், இரைப்பை உப்பி முறுக்கிக்கொண்டு சில மணி நேரத்தில் உயிரைப் போக்கும் வியாதி ஆகியவை பேருருவ நாய்களை அதிகமாகப் பீடிக்கின்றன. நமது பட்டணத்தில் வெப்பமும் சேர்ந்துகொள்கிறது. 2003-ஆம் ஆண்டு மே 31-ஆம் தேதி சென்னையில் 45 டிகிரி வெப்பம் பதிவாயிற்று. நாய் நம்மைப்போல் உடல் முழுதும் வியர்ப்பதில்லை. மூச்சிரைத்தே சூட்டைத் தணித்துக்கொள்கிறது. கடற்கரை ஊரின் ஈரக்காற்றில் அந்த உபாயமும் நன்கு பலிப்பதில்லை. உடல் பெருக்கப் பெருக்கச் சூடு வெளியேறுவதும் கடினமாகிறது.

"குளிர்சாதன அறையில் வைத்திருக்கிறோமே" என்பது சிலர் கூறும் சமாதானம். அறையை விட்டு வெளியே வரமுடியாத பிராணி சிறைக் கைதியேயன்றி வேறென்ன? மின்சாரம் நின்றுபோனால் அதன் கதி என்ன? மூன்றாம் மாடியில் நோயுற்று வீழ்ந்த 70 கிலோ நாயைக் கீழே இறக்குபவர் யார்? மருந்தின் அளவும் எடைக்குத் தக்கபடி ஏறுகிறது. செலவுக்கு அஞ்சி நாயைத் தெருவில் விட்டுவிடும் பாதகமும் நேருகிறது.

சட்டம் இல்லாமலில்லை. கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அவர்கள் ராஜ்ய சபையில் எடுத்த முயற்சியின் பயனாக, 1960-இல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன் கீழ் 2017-இல் ஏற்பட்ட விதிகளின்படி, நாய்களை இனப்பெருக்கம் செய்து விற்பவர் பதிவு செய்துகொள்ள வேண்டும். எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது. தமிழ்நாடு அரசாங்கம் 2024-இல் வெளியிட்ட கொள்கையும், இனப்பெருக்கம் செய்யலாகாத குளிர்நாட்டு ஜாதிகளுள் செயின்ட் பெர்னார்டைச் சேர்த்திருந்தது. ஆயினும், வாங்குவோர் உள்ளவரை விற்போரும் இருப்பர். ஆதலின் குட்டி வாங்கப் போகிறவர்கள் பதிவுச் சான்றைக் கேட்கட்டும். தாய் தந்தையின் தேகநிலையை விசாரிக்கட்டும். நமது வீட்டுக்கும் வெயிலுக்கும் இது ஏற்றதா என்று தம்மையே வினவட்டும்.

சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை, ராஜபாளையம் என நமது மண்ணுக்கேற்ற ஜாதிகள் இருக்கின்றன. அவையும் ஓடியாட இடம் வேண்டுபவை. மாடி வீட்டில் அடைத்துவைத்தால் அதுவும் கொடுமையே. சிறு வீட்டிலிருப்பவர்க்குத் தெருவிலே பிறந்த குட்டியொன்று போதும். நன்றிக்கும் அன்புக்கும் அது எந்த ஜாதிக்கும் இளைத்ததன்று. இனிப் பேருருவ நாயைக் காணும்போது, எவ்வளவு பெரியது என்று வியவாமல், எத்தனை நாள் வாழும் என்று கேட்க நமது ஜனங்கள் பழகவேண்டும். அந்தக் கேள்வி பெருகினால் இந்த வியாபாரம் தானே சுருங்கும்.