பால்கனியில் 1½ கிலோ யுரேனியம்!

அணு நிலையம் என்றால் சுற்றிலும் மதில், முள்கம்பி, துப்பாக்கியோடு காவல். வெளி ஆள் உள்ளே தலைகாட்ட முடியாது. ஆனால் உள்ளே சம்பளம் வாங்குகிற ஆளே கை வைத்தால்? 1992-ம் ஆண்டு ரஷியாவில் அதுதான் நடந்தது.

மாஸ்கோவுக்குத் தெற்கே போடோல்ஸ்க் என்று ஒரு ஊர். அங்குள்ள 'லூச்' அணு ஆராய்ச்சி நிலையத்தில் பல வருஷம் வேலை பார்த்தவர் அந்த என்ஜினீயர். சோவியத் யூனியன் உடைந்து, விலைவாசி தாறுமாறாக ஏறிய நேரம். சம்பளம் கைக்கு வருவதற்குள் பாதி மதிப்பு போய்விடும். அவருக்கு ஆசை பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரு புது பிரிட்ஜ், ஒரு அடுப்பு. அவ்வளவுதான்!

யுரேனியம் திருடியவர்களைப் பற்றி பத்திரிகையில் வந்த செய்தி அவர் கண்ணில் பட்டது.

சேதாரம்

நகைக் கடையில் சேதாரம் கழிப்பார்கள் அல்லவா? அங்கேயும் அதே கணக்குதான். வேலை நடக்கும்போது 3 சதவீதம் வரை யுரேனியம் வீணாகும் என்று விட்டுவிடுவார்கள். ஆசாமி கை தேர்ந்தவர். சேதாரத்தைக் குறைத்தார். மிச்சம் பிடித்ததைக் கணக்கில் காட்டவில்லை.

ஒரு தடவைக்கு 50 கிராம், 70 கிராம். சின்னக் கண்ணாடிக் குப்பியில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடையைக் கட்டினார். இப்படி 20 தடவைக்கு மேல்! வாசலில் கதிர்வீச்சைக் காட்டிக் கொடுக்கும் கருவி கிடையாது. வீட்டு பால்கனியில் சேர்ந்தது சுமார் 1½ கிலோ. 90 சதவீதம் செறிவூட்டிய சரக்கு. அணுகுண்டுக்கு ஆகிற ரகம்.

ஒரு குண்டுக்கு 25 கிலோ வேண்டும் என்பது சர்வதேச அணுசக்தி ஏஜென்சியின் கணக்கு. இது போதாதுதான். ஆனால் வாங்க வருகிறவன் ஒரே ஆளிடம் மட்டுமா வாங்குவான்?

ரெயில் நிலையத்தில்

அக்டோபர் மாதம், மாஸ்கோவில் ஆள் பார்க்கலாம் என்று சரக்கோடு ரெயில் நிலையத்துக்குப் போனார். அங்கே தெரிந்தவர்கள் சிலரோடு நின்றிருந்தார். அவர்கள் வேறொரு திருட்டில் போலீஸ் கண்ணில் விழுந்த ஆசாமிகள்! அவர்களைப் பிடித்த போலீஸ், கூட நின்ற இவரையும் சேர்த்துப் பிடித்தது. இவரிடம் இருந்ததைப் பார்த்த பிறகுதான் குட்டு உடைந்தது.

1993-ல் தீர்ப்பு வந்தது. ஜெயில் இல்லை, 3 வருஷம் நன்னடத்தைக் கண்காணிப்பு.

அதன் பிறகு அமெரிக்கப் பண உதவியோடு ரஷிய அணு நிலையங்களின் வாசல்களில் கண்டுபிடிப்புக் கருவிகள் வைத்தார்கள். முக்கியமான சரக்கு இருக்கும் அறைக்குள் யாரும் தனியாகப் போகக்கூடாது, இரண்டு பேராகத்தான் போகவேண்டும் என்பது இப்போது பல நாடுகளில் விதி.

போலீஸ் பிடிக்கும்வரை, 1½ கிலோ குறைந்தது 'லூச்' நிலையத்துக்கே தெரியாது. கணக்குப் புத்தகத்தில் எல்லாம் சரியாக இருந்தது.